ஈரக்காற்றில் சுற்றப்படும் சுருள்



உயர் மின்னழுத்தச் சுருளை வீட்டிலேயே சுற்றுவோருக்கு எந்தக் கம்பி, எந்தக் குழல், எந்தப் பூச்சு பொருந்தும் என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். டெஸ்லா சுருள் செய்ய முனைகிற எவரும், பள்ளி அறிவியல் விழாவுக்குத் தயாராகும் மாணவரானாலும், ஓய்வுபெற்ற வயர்மேன் ஆனாலும், முதலில் செம்புக் கம்பியைத் தேடித்தான் புறப்படுகிறார். எடை பார்க்கிறார், விலை பார்க்கிறார், தூய செம்பா என்று சுரண்டிப் பார்க்கிறார். செம்பு பாவம், அதனால் கெட்ட சுருள்கள் மிகக் குறைவு. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இருக்கிற பொருள்தான் சுருளைக் காக்கிறது, கெடுப்பதும் அதுவே. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிற மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

மின்சாரத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு பழையது. 1894இல் சிலாங்கூரின் ரவாங்கில், ஈய லம்பத்து (சுரங்கத்து) நீரை இறைப்பதற்காக மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள் தொழிலதிபர்கள் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும். மலாயாவில் மின்சாரம் உற்பத்தியானதாகப் பதிவாகியுள்ள முதல் நிகழ்வு அது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் சேர்த்து நினைக்கப்படும் அதே தம்புசாமி பிள்ளைதான். மறு ஆண்டே கோலாலம்பூர் இரயில் நிலையத்துக்கும் மின்சாரம் வந்தது.

ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே மலாயா மின்னுலகத்துக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டது. மின்சாரத்தைக் கடத்தும் பொருளையா? இல்லை, மின்சாரத்தைத் தடுக்கும் பொருளை! இந்தக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் இறுகிக் கிடைக்கும் கெத்தா பெர்ச்சாவால் மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்து வந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் அதன் மாதிரிகளை 1843இல் இலண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். 1847இல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் அதைச் செம்புக் கம்பியின் மேல் மூட்டில்லாத உறையாக அழுத்தினார். மறு ஆண்டு மைக்கேல் ஃபாரடே அதன் காப்புத் தன்மையைப் பாராட்டி எழுதினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில், தந்திச் செய்தியைச் சுமந்த செம்பு இந்தக் காட்டுப் பாலைப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தது. அதற்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்களுக்குக் கணக்கில்லை.

இந்தக் கதை எதற்கு? கெத்தா பெர்ச்சாவில் ஒரு விசித்திரம் உண்டு. கடலடியின் குளிரிலும் இருளிலும் அது பல்லாண்டு காலம் கெடாமல் இருக்கும். அதையே எடுத்து வெயிலிலும் காற்றிலும் வைத்தால் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். ஒரு காப்புப் பொருள் நல்லதா கெட்டதா என்று தனித்துச் சொல்ல முடியாது. எந்த இடத்தில், எந்தக் காற்றில் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் வறண்ட குளிர்கால அறையில் பல ஆண்டுகள் ஓடிய அட்டைக்குழல் சுருள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுமா என்பது ஐயமே. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்த பாலியெத்திலீன், பின்னர் கெத்தா பெர்ச்சாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பாலியெத்திலீன் இந்தப் பேச்சில் மீண்டும் வரும், சமையலறை வழியாக.

இப்போது சுருளுக்கு வருவோம். உயர் மின்னழுத்தச் சுருள்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பொருள் தேர்வும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிகிறது.

முதலாவது, இரும்பு உள்ளகம் கொண்ட தூண்டு சுருள். 1836இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கோலஸ் கேலன் என்ற பாதிரியார் இதை உருவாக்கினார். பாரிசில் ரூம்கார்ஃப் அதை விற்பனைக்கு உரிய கருவியாக்கினார். கல்கத்தாவில் ஜெகதீச சந்திர போஸ் 1890களில் நுண்ணலை ஆய்வுக்கு இயக்கியதும் இந்த வகைச் சுருளைத்தான். காருக்குள் இருக்கும் இக்னிஷன் காயில் இதன் பேரப்பிள்ளை. இதில் கம்பி அடுக்கடுக்காக, ஆயிரக்கணக்கான சுற்றுகளாகப் போகிறது.

இரண்டாவது, 1891இல் நிக்கோலா டெஸ்லா அமைத்த காற்று உள்ளகச் சுருள். மின்சாரம் ஊட்டப்படும் முதற்சுற்று, உயர் மின்னழுத்தம் எழும் இரண்டாம் சுற்று என இதில் இரண்டு பகுதிகள். இரண்டாம் சுற்றில் ஒரே ஓர் அடுக்குதான். நீண்ட குழலின் மேல், அடியிலிருந்து உச்சிவரை, சுற்றோடு சுற்று ஒட்டி ஏறுகிறது.

முதல் வகையில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 வோல்ட் தரும் சுருளில் 10,000 சுற்றுகள், 20 அடுக்குகள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடுக்கில் 500 சுற்று, 1,000 வோல்ட். கம்பி இடமிருந்து வலம் போய், திரும்பி வலமிருந்து இடம் வருகிறது. திரும்பாத முனையில் கீழடுக்கின் முதல் சுற்றும் மேலடுக்கின் கடைசிச் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு இடையே 2,000 வோல்ட்! அதே சுருளை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 2,500 சுற்று என்று 20 அடுக்கிலேயே சுற்றினால் அந்த அழுத்தம் 500 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. கம்பி அதே கம்பி, எடை அதே எடை. 1877இல் இலண்டனில் ஆல்ஃபிரட் ஆப்ஸ் செய்த பெருஞ்சுருளில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் கம்பி இருந்தது. ஒரு மீட்டருக்கும் நீளமான தீப்பொறி பறந்தது. இப்படிப் பகுதி பகுதியாகச் சுற்றியிராவிட்டால் அது முதல் நாளே பொசுங்கியிருக்கும்.

அடுக்குகளுக்கு நடுவே வைக்க அந்தக் காலத்தில் காகிதமும் மெழுகும் இருந்தன. கேலன் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கிப் பூசினார். இன்று பலர் கைக்குக் கிடைத்த காகிதத்தைச் செருகிவிடுகிறார்கள். இந்த ஊரின் காற்றில் திறந்து கிடக்கும் காகிதம் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மின்மாற்றித் தொழிற்சாலைகளில் காகிதத்தை வெற்றிடத்தில் உலர்த்தி, ஈரத்தை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிய பிறகுதான் எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். வீட்டில் அந்த வசதி இல்லை. ஆகவே காகிதத்தை விட்டுவிட்டு பாலியெஸ்டர் படலத்தை, அதாவது மைலார் தாளை எடுப்பதே புத்தி. கறுப்பு வயரிங் டேப்பை நம்பக் கூடாது; சூட்டில் அதன் பசை இளகி வழியும், டேப் சுருங்கி விலகும், விலகிய இடத்தில் பொறி பாயும்.

இனிப் பேச்சின் பெரும்பகுதி டெஸ்லா சுருளைப் பற்றியது. இன்றைய இளைஞர்கள் வீட்டில் சுற்ற ஆசைப்படுவது பெரும்பாலும் அதைத்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். 110 மி.மீ. விட்டமுள்ள குழல், அதில் 450 மி.மீ. உயரத்துக்குச் சுற்று, கம்பி 26ஆம் கேஜ் எனாமல் கம்பி. வெறும் செம்பின் விட்டம் 0.457 மி.மீ.; எனாமலோடு சேர்த்தால் அரை மில்லிமீட்டர். அப்படியானால் 900 சுற்று விழும். 311 மீட்டர் கம்பி வேண்டும். எடை அரைக் கிலோவை நெருங்கும். மின்தடை ஏறத்தாழ 33 ஓம். உச்சியில் அளவான உலோக வளையம் ஒன்றை வைத்தால் இது 250 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒத்திசையும். உயரம் விட்டத்தைப் போல நான்கு மடங்கு. மூன்றிலிருந்து ஐந்து மடங்குவரை இருக்கலாம் என்பது சுற்றுவோரிடையே நிலைத்துவிட்ட வழக்கம்.

ஏன் 26? ஏன் இன்னும் மெல்லிய கம்பி கூடாது? 30ஆம் கேஜில் அதே குழலில் 1,280 சுற்றுக்கு மேல் விழும். சுற்று கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மின்தடை மூன்று மடங்காகி 98 ஓமைத் தொடும். கைபட்டால் அறுந்தும் போகும். அறுந்த கம்பியை நடுவில் பற்றவைத்த முடிச்சு, பிறகு பொறி கிளம்பும் இடமாகிவிடும். 22ஆம் கேஜ் என்றால் 600 சுற்றுகூடத் தேறாது. நடுத்தரக் குழலுக்கு 24 முதல் 28 வரை எதை எடுத்தாலும் குறையில்லை. கேஜ் எண்ணைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பாதி வீண் விவாதம்.

வீணாகாத விவாதம் ஒன்று உண்டு. அந்தக் கம்பி உண்மையிலேயே செம்புதானா? அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பி இன்று மலிவாகக் கிடைக்கிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தராசு மட்டும் ஏமாறாது: செம்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.96 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7. உள்ளங்கை நிறைந்த சுருணை இலேசாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். நுனியைக் கத்தியால் அழுத்திச் சுரண்டினாலும் வெள்ளை தெரியும். அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்தும், மின்தடைதான் ஒன்றரை மடங்குக்கு மேல். பெரிய தொல்லை என்னவென்றால், செம்பு முலாம் உரிந்த இடத்தில் ஈயப்பற்று ஒட்டவே ஒட்டாது. முனை இணைப்பு என்றைக்கும் ஆடிக்கொண்டே இருக்கும்.

பழைய விசிறி மோட்டாரிலிருந்தும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தும் கம்பியை உருவி எடுப்பவர்கள் உண்டு. சிக்கனம் பாராட்டத்தக்கதே. ஆனால் ஒருமுறை வளைந்து, வார்னிஷில் ஒட்டி, பிறகு பிய்த்து எடுக்கப்பட்ட கம்பியின் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும். இந்தச் செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம். கோலாலம்பூர் பூடுவில் ஜாலான் பசார் மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன தெரு. மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளில் எனாமல் கம்பி எடைக்கணக்கில் புழங்குகிறது. பட்டறைக்காரரிடம் கேட்டால் அவர் இரண்டு கேள்வி கேட்பார்: என்ன கேஜ், என்ன எனாமல்? இரண்டாவது கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

பாலியூரித்தேன் பூசிய கம்பியில் சூடான பற்றுக்கோலை வைத்தாலே பூச்சு உருகி வழிவிடும். முனையை எளிதாகப் பற்றவைக்கலாம். பாலியெஸ்டர்-இமைடு, அதன்மேல் பாலியமைடு-இமைடு என இரட்டைப் பூச்சு கொண்ட மோட்டார் கம்பி 200 பாகை சூட்டையும் தாங்கும். முனையைத் தாளால் தேய்த்துத்தான் பற்றவைக்க முடியும். டெஸ்லா சுருளின் இரண்டாம் சுற்று அவ்வளவு சூடாவதில்லை. எனவே இரண்டில் எதுவும் ஆகும். பார்க்க வேண்டியது பூச்சின் தடிப்பு. முதல் தரம், இரண்டாம் தரம் என்று இரு தடிப்புகளில் வருவதில், தடித்த இரண்டாம் தரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

இவ்வளவு மெல்லிய எனாமல் இத்தனை ஆயிரம் வோல்ட்டைத் தாங்குமா? தாங்கும். உச்சியில் 2 இலட்சம் வோல்ட் எழுந்தாலும் அது 900 சுற்றுக்கும் பகிரப்படுகிறது. ஒரு சுற்றுக்கு 220 வோல்ட் சொச்சம்தான். எனாமலுக்கு அது பொருட்டே அல்ல. உயரக்கணக்கில் பார்த்தால் ஒரு செ.மீ.க்குச் சராசரி 4,400 வோல்ட். உலர்ந்த காற்று உடைவதற்கு, புலம் சீராக இருக்கும்போது, செ.மீ.க்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். கணக்குப்படி ஏழு மடங்கு பாதுகாப்பு. பின் ஏன் சுருள்கள் பொசுங்குகின்றன? அந்தக் கணக்கு உலர்ந்த காற்றுக்கும் தூய மேற்பரப்புக்கும் உரியது. கிள்ளானில் எங்கே இருக்கிறது உலர்ந்த காற்று? ஈரமும் தூசியும் கலந்து படிந்த மேற்பரப்பில் மின்சாரம் மெல்ல ஊர்கிறது, ஊர்ந்த தடத்தில் பிளாஸ்டிக் கருகுகிறது, கருகியது கரியாகிறது, கரி மின்சாரத்தைக் கடத்துகிறது. அன்றோடு சரி. அந்தக் கறுப்புக் கோடு விழுந்த குழலை எந்த வார்னிஷாலும் மீட்க முடியாது.

ஆகவே குழல். இங்கேதான் அவசரமில்லாமல் நின்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ துணிக்கடைக்குப் போனால், துணிச்சுருளின் நடுவில் இருக்கும் தடித்த அட்டைக்குழலை இனாமாகவே பெற்றுவிடலாம். நேரானது, வலுவானது, விட்டமும் வாகானது. கையில் எடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் அது காகிதம். மழை நாளில் அந்தக் குழலின் ஓரத்தை விரல்நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். அந்த மென்மைதான் ஈரத்தின் அடையாளம். அடுப்பில் 100 பாகையில் சில மணிநேரம் உலர்த்தி, சூடு ஆறுமுன் உள்ளும் புறமும் விளிம்பும் வார்னிஷ் குடிக்க வைத்தால் பயன்படுத்தலாம். விளிம்பை மறந்தால் எல்லாம் வீண். அட்டை நீரை உறிஞ்சுவது வெட்டுவாய் வழியாகத்தான். மூங்கிலுக்கும் மரத்துக்கும் இதே தீர்ப்பு. ரப்பர் மரப்பலகை நாற்காலிக்கு நல்லது, சுருளுக்கு ஆகாது. ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் புகைந்த பிரிக்பீல்ட்ஸில் சொல்வதால் இன்னொன்று: சுருளை உயர்த்தி வைக்கச் செங்கல்லை அடுக்குவதும் தவறு. சுட்ட மண் நீர் குடிக்கும். மெருகு பூசிய பீங்கான் குடிக்காது. மின்கம்பங்களில் பீங்கான் குமிழ்கள் பளபளப்பது அழகுக்காக அன்று.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வடிகால் பி.வி.சி. குழாய் பெரும்பாலோருக்குப் போதும். நீரை ஏறக்குறைய உறிஞ்சாது, மலிவு, நேராக இருக்கும். உயர் அலைவெண்ணில் பி.வி.சி. கொஞ்சம் ஆற்றலை விழுங்கும் என்பது உண்மை. பாலியெத்திலீன் விழுங்குவது அதில் மிகச் சிறு பங்குதான். ஆனால் வெள்ளைப் பாலியெத்திலீன் குழாய் எளிதில் கிடைப்பதில்லை. கறுப்புப் பாலியெத்திலீன் தண்ணீர்க் குழாய் எங்கும் கிடைக்கிறது, அதைத் தொட வேண்டாம்: வெயிலைத் தாங்குவதற்காக அதில் கரித்தூள் கலந்திருக்கிறது. கரி நுழைந்த எதுவும் உயர் மின்னழுத்தத்துக்கு நண்பன் இல்லை.

குழாயை வாங்கியதும் சுற்ற உட்காரக் கூடாது. அச்சிட்ட எழுத்துகளை நுண்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதன் பிறகு வெறும் விரல் அதன்மேல் படக்கூடாது. வியர்வை என்பது உப்பு நீர். கம்பி முனையைக் குழலின் உள்ளே செலுத்தத் துளை போடுவது பலரும் செய்யும் காரியம். அந்தத் துளை, உச்சியிலிருக்கும் மின்னழுத்தம் குழலின் உட்சுவர் வழியே அடிக்கு இறங்க நாமே போட்டுக் கொடுத்த படிக்கட்டு. முனைகளை வெளிப்புறத்திலேயே ஒட்டி நிறுத்தி, குழலின் இரு வாயையும் மூடியிட்டு அடைக்க வேண்டும். உள்ளே இரும்புத் திருகாணி ஒன்றுகூட இருக்கலாகாது.

சுற்றும்போது சுற்றின் மேல் சுற்று ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுற்ற வேண்டும், அங்கே மன்னிப்பில்லை. சுற்றி முடிந்ததும் பூச்சு. பாலியூரித்தேன் வார்னிஷ் நல்லது, இப்பாக்சி அதைவிடத் தடித்த காப்பு. அரக்கும் பழைய, மதிப்பான பொருள்தான். அது சாராயத்தில் கரைவது. சாராயம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். குளிர்ந்த பரப்பில் நம் ஊர்க் காற்றின் ஈரம் உடனே படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். அந்த வெள்ளைக்குள் சிறைப்பட்டிருப்பது நீர். கோலாலம்பூரில் பல மாதங்கள் பிற்பகல் இடிமழை பழக்கமான ஒன்று. எனவே எந்தப் பூச்சானாலும், காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியபின் தொடங்கி, மேகம் திரளுமுன் ஒரு படலம் காய்ந்துவிடுமாறு திட்டமிடுவது நல்லது. மெல்லிய படலங்கள் பல. ஒரே தடித்த பூச்சு வேண்டாம். தடித்த பூச்சில் காற்றுக் குமிழ் சிக்கும். சுற்றியுள்ள பிசினைவிடக் குமிழுக்குள் மின்புலம் கூடுதல். அங்கே முதலில் சிறு மின்னிறக்கம் தொடங்கி, ஓசோன் பிறந்து, எனாமலைத் தின்னும்.

முதற்சுற்றுக்குச் சிக்கல் குறைவு. ஏர்கோன்காரர்கள் பயன்படுத்தும் கால் அங்குல மென்செம்புக் குழாய்ச் சுருள் அதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. அது உள்ளீடற்ற குழாயாக இருந்தால் என்ன? 250 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் வெளித்தோலில் 0.13 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுகிறது. முதற்சுற்றைத் தாங்கி நிறுத்தும் கைகளுக்குத்தான் சமையலறை உதவுகிறது: காய் வெட்டும் வெள்ளைப் பாலியெத்திலீன் பலகை! நீர் குடிக்காது, சாதாரண இரம்பத்தால் அறுபடும், காப்புத் தன்மையில் முதல் வரிசை. கத்திக் கோடு விழாத புதுப்பலகை வேண்டும். உச்சி வளையத்துக்கு அடுப்புப் புகைபோக்கியின் மடிப்பு அலுமினியக் குழாயை 30 செ.மீ. வட்டமாக வளைத்துக்கொள்ளலாம். இணைப்புகளைப் பற்றவைக்க ஈயப்பற்று. கோலாலம்பூரையே ஈயம்தான் உருவாக்கியது என்பதால் அதைப்பற்றி இங்கே அதிகம் சொல்வானேன். பற்றில் கூரான முள் நிற்காமல் உருண்டையாக முடித்தால் போதும்.

முதற்சுற்றோடு இணையும் மின்தேக்கிக்கு உப்பு நீர் நிரப்பிய பீர் போத்தல்களை அடுக்குவது பழைய பழக்கம். பாலிபுரோப்பிலீன் மின்தேக்கிகளைத் தொடராகக் கோத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் உயர் மின்தடை ஒன்றை வைப்பதே மேல். மின்சாரம் நின்ற பிறகும் தேங்கிய மின்னூட்டம் ஆளைக் கொல்லும். அதை வடித்துவிடுவது அந்த மின்தடையின் வேலை.

மூல மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றிப் பயன்படுத்துவது பரவி வருகிறது. இரண்டாயிரம் வோல்ட் அளவில் அரை ஆம்பியருக்கும் மேல் தரக்கூடிய அந்த மின்மாற்றி, தொட்டவரை விடாது. பல நாடுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. வேண்டாம். நியான் விளக்கு மின்மாற்றியின் 15,000 வோல்ட், 30 மில்லிஆம்பியரும் உயிர்க்கொல்லியே. பயிற்சி பெற்ற மின்பணியாளர் அருகில் இல்லாமல் அதைக் கையாளக் கூடாது. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, கசிந்தால் தட்டிவிடுமே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். மின்மாற்றியின் இரண்டாம் பக்கம் வீட்டு மின்சுற்றோடு நேரடித் தொடர்பில்லாதது. அங்கே ஒருவர் உடல் வழியே மின்சாரம் பாய்ந்தால் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியாமலே போகலாம். உயர் அலைவெண் மின்சாரம் தோலோடு ஓடிவிடும், உள்ளே போகாது என்பதும் கட்டுக்கதை. செம்பின் தோல் வேறு, மனிதத் தோல் வேறு. நரம்பு அந்த வேகத்தை உணர்வதில்லை. வலி தெரியாமலே உள்ளுக்குள் தசை வெந்துவிடும்.

சுருளின் அடிமுனைக்குத் தனி நிலத்தொடர்பு வேண்டும். செம்பு பூசிய எஃகுத் தண்டை ஈரமண்ணில் அடித்து இறக்குவதே வழி. ஈரம் நன்மை செய்யும் ஒரே இடம் இது! வீட்டு எர்த் கம்பியிலோ, தண்ணீர்க் குழாயிலோ, இடிதாங்கியிலோ இணைத்தால் உயர் மின்னழுத்தம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் விருந்தாளியாகப் போகும். அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் குடியிருப்பவருக்கு மண் இல்லை. அவர் அங்கே பொறிவிடும் டெஸ்லா சுருளை இயக்காமல் இருப்பதே முறை.

செய்த சுருளைப் பாதுகாப்பதும் பொருளறிவில் சேர்ந்ததுதான். ஏர்கோன் அறையில் 22 பாகையில் இருந்த சுருளைத் தூக்கிவந்து வெளியே ஐந்தடி நடைபாதையில் வைத்தால், வெளிக்காற்றின் பனிநிலை 24 பாகையை ஒட்டி இருப்பதால், சுருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உடனே படியும். வெளிக்காற்றின் சூட்டுக்கு அது வரும்வரை மூடிய பையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். போர்ட் கிள்ளான் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் உப்பும், புகைமூட்ட மாதங்களில் எல்லோருக்கும் நுண்தூசியும் கூடுதல் தொல்லை. சாமி மேடைக்கு அருகில் வைப்பதும் உதவாது. கற்பூரப் புகை படிவது கரியாகத்தான். சிலிகா ஜெல் போட்ட பிளாஸ்டிக் பெட்டியே சுருளுக்கு நல்ல வீடு.

வான்வழியாகவும் ஒரு கடமை உண்டு. பொறி இடைவெளி கொண்ட சுருள் ஒரு வானொலி ஒலிபரப்பியைப் போலவே அலை பரப்பும். சில விநாடிகளுக்கு மேல் ஓட்டலாகாது. இதய முடுக்கி பொருத்தியவர் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. இடி கேட்கும் மாலைகளில் சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக அவைக்கு ஒரு வேண்டுகோள். சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும்போது யாரும் தனியாக இருக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதும், அதை நிறுத்தாமல் அடிபட்டவரைத் தொடக் கூடாது என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். மலேசியாவில் அவசர அழைப்பு எண் 999.